கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர்

என் வேலை என்னவென்று என் உறவினர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. பிசியோதெரபி படிக்கப் போகிறேன் என்றபோது பெரியம்மா என் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "அது கால் பிடிச்சு விடுற வேலையெல்லோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அலுவலக நாற்காலிகளிலேயே தலைமுறைகளைக் கழித்த குடும்பம் எங்களுடையது. டாக்டர், ஆசிரியர், கணக்கர் என்றால் புரியும். இது புரியவில்லை. நான் விளக்கவும் முயலவில்லை. கோலாலம்பூரில் படித்து முடித்து எங்கள் ஊரான ஜார்ஜ் டவுனுக்கே திரும்பி ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தபோது, என் கைகளுக்கு இந்த வேலை தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஐசியூவுக்கு என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் நெஞ்சுச் சளிக்காகத்தான். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டுவேன். சளி இளகியதும் தாதி குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார். பிறகு கைகால்களைக் கொஞ்சம் மடக்கி நீட்டிவிட்டு நான் கிளம்பிவிட வேண்டும். வெண்டிலேட்டரில் இருப்பவர் அசையாமல் கிடப்பதுதான் நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் புரண்டால் மயக்க மருந்தைக் கூட்டுவார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கிருந்து பிழைத்து வார்டுக்கு வருகிறவர்களையும் நான்தான் பார்ப்பேன். உயிர் திரும்பியிருக்கும், கால் திரும்பியிருக்காது. கரண்டியை வாய்வரை தூக்க முடியாது. ஒருவரை எழுப்பி நிற்க வைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சிலர் சக்கர நாற்காலியிலேயே வீட்டுக்குப் போனார்கள். நோயை ஜெயித்தவர்களைப் படுக்கை தோற்கடிப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் துறைமுகக்காரர் வந்தார். எதிர்க்கரை பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் வேலை, மூட்டை தூக்கியே வளர்ந்த உடம்பு. நாற்பதைத் தாண்டியவர். இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியா. வந்த அன்றே வெண்டிலேட்டரில் போட்டார்கள். வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். கடைசியில் தொண்டையில் துளையிட்டு அதன் வழியாக இயந்திரத்தோடு இணைத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, மருந்தைக் குறைத்தார்கள், கண் திறந்தார். இயந்திரத்தை மட்டும் விட முடியவில்லை. கொஞ்ச நேரம் தானாக மூச்சு விடச் சொன்னால் வியர்த்துக் களைத்துப் போவார். மூச்சுக்கான தசைகளும் கால் தசைகளைப் போலவே கரைந்து போயிருந்தன.

பிரிவின் தலைமை டாக்டர் சீனர், அதிகம் பேசாதவர். ஒரு காலை அவரை நிறுத்தி, இந்த நோயாளியைக் குழாயோடு கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க விரும்புகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஐந்தடிக்கும் குறைவு. நோயாளி ஆறடி.

"யார் தூக்குவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவர்தான் எழுந்திருப்பார். நான் உதவி செய்வேன்."

சற்று யோசித்தார். ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ இறங்கினால் உடனே படுக்க வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு அது அனுமதிதான். ஆனால் அங்கே உண்மையான அனுமதி தலைமைத் தாதியான சிஸ்டரிடம் இருந்தது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் தமிழ்ப் பெண்மணி. அவர் தொப்பியின் மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை.

"இது என் வார்டு," என்றார். "குழாய் கழண்டுச்சுன்னா என்ன ஆகும் தெரியும்ல? நீ உன் டிப்பார்ட்மெண்டுக்குப் போயிருவ. நான்தான் இந்த மனுசனோட பொண்டாட்டிக்குப் பதில் சொல்லணும்."

"கழண்டுறாம பிடிச்சுக்க ஒருத்தர் வேணும், சிஸ்டர். குழாயை மட்டும் பாக்கணும், வேற எதையும் பாக்கக் கூடாது."

"யாரை நம்பிக் குடுப்ப?"

"நீங்க சொல்ற ஆளை."

அவர் உதட்டைச் சுழித்தார். "அதெல்லாம் வேணாம். நானே பிடிக்கிறேன்லா."

முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, மலாய்க்கார உதவியாளர் ஒருவர் முதுகைத் தாங்க எழுப்பினோம். உட்கார்ந்த உடனேயே முகம் வெளுத்தது, நெற்றி நனைந்தது, ரத்த அழுத்தம் சரசரவென்று விழுந்தது. உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்தினேன். நிறம் திரும்பிவிட்டது. வாரக்கணக்கில் படுத்த உடம்பு முதல் தடவை அப்படித்தான் செய்யும், எனக்குப் பயம் இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கதவருகே நின்றிருந்தார்.

சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. சமையலை முடித்துவிட்டு தினமும் ஃபெர்ரியில் கடல் தாண்டி வருவார். கையில் இருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"என்ன செய்றீங்க அவரை? உயிர் ஊசலாடிக்கிட்டு இருக்கு. இதுல தூக்கி உக்கார வெக்கிறீங்களா? எங்க தோட்டத்துல காய்ச்சக்காரனைக் கூட எழுந்திருக்க விட மாட்டோம்."

"அக்கா, கொஞ்சம் கேளுங்க..."

"கேக்க மாட்டேன். அவரைத் தொடாதீங்க. படுத்துத் தூங்கட்டும், உடம்பு தானா தேறும்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'நான் அப்போதே சொன்னேன்' என்பது இருந்தது. டாக்டர் மாலையில், குடும்பம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாமே என்றார். எனக்கு அவகாசம் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த அக்காவிடம் வாதம் செய்து பயனில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்பினால் மறுக்கிறவரிடம் என்ன வாதம் செய்ய?

அடுத்த நாள் அவர் வந்ததும், உட்கார வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "அக்கா, காலை மடக்கி நீட்டணும். எனக்கு வேற கட்டில்லயும் வேலை இருக்கு. நீங்க செய்றீங்களா? சொல்லித் தர்றேன்," என்றேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. கணவனைத் தொடக் காத்திருந்தவர் போல உடனே கை கழுவிக்கொண்டு வந்தார்.

போர்வையை விலக்கினேன். ஒரு கை முட்டிக்குக் கீழே, ஒரு கை குதிகாலில் என்று வைக்கச் சொன்னேன். அவர் கையை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொடையைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி கெண்டைக்காலுக்கு வந்தார். அந்தக் காலில் எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. இத்தனை நாள் முகத்தையும் கையையும் மட்டுமே பார்த்திருந்தார், பாவம்.

"இது அவரு கால் இல்ல," என்றார். "அவரு கால் எப்படி இருக்கும் தெரியுமா? எங்க போச்சு எல்லாம்?"

"படுத்தே இருந்தா இப்படித்தான் ஆகும், அக்கா. ஒவ்வொரு நாளும் கரையும். நெஞ்சுக்குள்ளயும் அதே கதைதான். அதான் மிஷின விட முடியல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவனின் முகத்தைப் பார்த்தார். துறைமுகக்காரர் விழித்துத்தான் இருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காந்தா திரும்ப வருமா?"

"வரும். சுசாதான், கஷ்டமா இருக்கும், வலிக்கும், கோவம் வரும். ஆனா வரும்."

இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன்.

இந்த முறை அவசரப்படாமல் நாட்களை எடுத்துக்கொண்டோம். கட்டிலின் தலைப்பக்கத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயர்த்தி, உடம்பை அந்த நிலைக்குப் பழக்கினோம். மனைவி காலை மடக்க, அவர் எதிர்த்து உதைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி. முதலில் உதை என்பது விரல் அசைவுதான். பிறகு ஒரு நாள் அக்காவின் கை நிஜமாகவே பின்னால் தள்ளப்பட்டது. "அடேங்கப்பா, உதைக்கிறாரு மிஸ்ஸி!" என்று அவர் கத்தியதில் எதிர்க் கட்டில் தாதி திரும்பிப் பார்த்தார்.

மறுபடி உட்கார வைத்தபோது, சிஸ்டர் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தார். நான் முன்னால் மண்டியிட்டு முட்டிகளைத் தாங்கியிருந்தேன். உதவியாளர் ஒரு பக்கம், அக்கா மறு பக்கம். முகம் வெளுக்கவில்லை. தலைதான் நிற்காமல் முன்னால் சாய்ந்தது. மெல்ல அதை நிமிர்த்தினார். தரையில் பதிந்திருந்த தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். தொண்டையில் குழாய் இருந்ததால் சத்தம் வராது. "வலிக்குதா?" என்றேன். தலையை ஆட்டினார், இல்லை. "மூச்சு முட்டுதா?" அதுவும் இல்லை. பொறுமை இழந்து, பலம் இல்லாத கையைத் தூக்கி முதுகுப் பக்கம் காட்டினார். அக்காவுக்குத்தான் சட்டென்று புரிந்தது.

"அரிக்குதுங்குறாரு!"

இத்தனை நாள் மெத்தையில் அழுந்திக் கிடந்த முதுகு. அக்கா ஐந்து விரலாலும் மேலிருந்து கீழாகச் சொறிந்துவிட்டார். துறைமுகக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒரு சுகம் ஒரு மனித முகத்தில் தெரிவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. குழாய் அசைந்துவிடக் கூடாதே என்று உடம்பை இறுக்கிக்கொண்டு, தோள் குலுங்காமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அதன் பிறகு அவரைப் படுக்க வைத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் வரத் தாமதமானால் கட்டில் கம்பியைத் தட்டுவார். உட்கார்ந்தார், பிறகு நாற்காலிக்கு மாறினார். நிற்க வைத்த அன்று மட்டும் தயங்கினார். என் உயரத்தைப் பார்த்துவிட்டு 'விழுந்துருவேன்' என்று உதட்டசைத்தார்.

"விழுந்தா என் மேலதான் விழுவீங்க அண்ணே. நான் விழ மாட்டேன்," என்றேன். அவர் முட்டிகளை என் முட்டிகளால் முட்டுக்கொடுத்தேன். மடங்கப் பார்த்த கால் மடங்காமல் நின்றது. பலத்தைவிட எங்கே தாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். அதைத்தான் கோலாலம்பூரில் படித்திருந்தேன். ஆறடி மனிதர் என் தலைக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்றார். நின்றார் என்பதுதான் விஷயம்.

பகலில் கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரத்தைக் கழற்றினார்கள். ஒரு காலை அது திரும்ப மாட்டப்படவே இல்லை. ஆக்சிஜன் உருளையைத் தள்ளுவண்டியில் வைத்து உதவியாளர் பின்னால் வர, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்தார். கிடங்கு நண்பர்கள் சிலர் வெளியே நின்றிருந்தார்கள். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்ததும் ஒருவர் கை தட்டத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டதும் சிஸ்டர் போய் அதட்டினார். குரலில் கடுமை இல்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. ஒரு பாதம் நெடுநாள் இழுத்துக்கொண்டுதான் நடந்தது. மூட்டை தூக்கும் தோள் திரும்பவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பல மாதங்கள் கழித்துக் கிடங்கில் அவருக்குப் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேலை கொடுத்தார்கள். அக்கா ஒரு முறை என்னைப் பார்க்க வந்தபோது, "முன்னால ஒரு மூட்டையத் தூக்கிட்டு இடுப்பு வலின்னு வருவாரு. இப்ப ஒரே நேரத்துல எத்தனையோ தூக்குறாரு, வலியே இல்ல," என்று சொல்லிச் சிரித்தார். குரல் திரும்பிய கணவரும் கூடவே வந்திருந்தார். அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான் அதிகம். கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். என்னை வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

அவருக்குப் பிறகு வந்த எல்லோரும் நடந்து வெளியேறவில்லை. உட்கார வைத்தும் இறந்தவர்கள் உண்டு. ஆனால் படுத்தே கரைந்தவர்கள் குறைந்தார்கள். அதை நான் உறுதியாகச் சொல்வேன். டாக்டர் தன் சுற்றில் மயக்க மருந்தைக் குறைக்கச் சொல்லும்போது என் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு வந்திருந்தார்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து முதல் கவளத்தை எடுத்திருந்தேன். எங்கள் பிரிவின் தொலைபேசி அடித்தது. சிஸ்டர்.

"ஜன்னல் பக்கத்துக் கட்டில் அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க. பிரஷர் நல்லா இருக்கு. போலே, உக்கார வெக்கலாம். நீ எங்க இருக்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், சிஸ்டர்."

"சாப்பிட்டுட்டு வா. குழாய் பிடிக்க நான் ரெடி."

சோற்றை வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.