டப்பாவை மட்டும் காத்தார்

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டீர்கள். நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை, கோபம். இந்த வருஷம் தங்கம்மை மாமி என்னைப் போகச் சொன்னதால் வந்து நிற்கிறேன்.

நீங்கள் எதைக் கேட்க ஆசைப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் துப்பாக்கி வெடித்த நாளில் இந்தச் சபைப் பையன் ஒருவனை ஆண்டவர் உடம்பில் ஒரு கீறல் படாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதைக் கேட்டு ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகலாம். சொல்கிறேன். ஆனால் முழுசாகச் சொல்வேன். பாதியில் யாரும் பாட்டைத் தொடங்கிவிட வேண்டாம்.

நான் நாகர்கோவில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த காலம். ஐம்பத்திரண்டாம் வருஷம் என்று நினைவு. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் தம்முடைய சினிமா கேமராவை நம் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். பெட்டியோடு அலமாரியில் கிடந்தது. அதில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் கேமரா ஒரே ஒரு படம் மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடும். ஒரு சித்திரத்தை வைத்து ஒரு அழுத்து, கொஞ்சம் மாற்றி வரைந்த அடுத்த சித்திரத்தை வைத்து இன்னொரு அழுத்து. இப்படியே எடுத்துக்கொண்டு போனால் திரையில் சித்திரம் உயிரோடு நடக்கும். கார்ட்டூன் படம் என்கிறார்களே, அது இப்படித்தான் உண்டாகிறது. அந்த விசையைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

சினிமா பாவம் என்று இதே பீடத்தில் நின்று பிரசங்கித்த நம் போதகர் ஐயரிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, நல்ல கருத்துள்ள படமாக இருந்தால் பாவமில்லை என்றார். நல்ல கருத்து ஒன்றை உண்டாக்கினேன். ஒரு ஓலைக்குடை. மழைக்காற்றில் உடையவன் கையிலிருந்து நழுவி, தானாகவே ஊரெல்லாம் போய், குடையில்லாதவர்கள் தலைக்குமேல் நின்றுவிட்டு, கடைசியில் கிழிந்து ஈர்க்குச்சியாகக் கிடக்கிறது. அவ்வளவுதான் கதை. போதகருக்குப் பிடித்திருந்தது. அவரே தெரிந்தவர்கள் மூலம் ஃபிலிம் வரவழைத்துக் கொடுத்தார்.

எனக்குக் கூட்டாளி தாசன். தங்கம்மை மாமியின் ஒரே மகன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒன்றாகக் கோயிலில் திடப்படுத்தல் எடுத்தோம். அவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஓடு விற்கும் கடையில் வேலை பார்த்தான். வேலை இல்லாத நேரமெல்லாம் என்னோடு. அவன் சித்திரத்தைக் கேமராவுக்குக் கீழே வைத்துக் கையை எடுப்பான். நான் விசையை அழுத்துவேன்.

முதல் தடவை முற்றத்து வெயிலில் வைத்து எடுத்தோம். படம் கழுவி வந்து பார்த்தால் குடை இருண்டு வெளுத்து இருண்டு வெளுத்து மின்னலடிக்கிறது. வானத்தில் மேகம் போனதும் வந்ததும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை, கேமராவுக்குப் பட்டிருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் தடவை உள்ளே வைத்து எடுத்தோம். அது இடவப்பாதி மழைக்காலம். காகிதம் ஈரத்தில் ஊதி, சித்திரங்களை வரிசையில் நிறுத்தப் போட்ட துளைகள் எல்லாம் விலகிவிட்டன. குடைக்குக் குளிர்காய்ச்சல் வந்ததுபோல ஒரே நடுக்கம். உங்களில் சிலர் என்னைப் பொம்மைக்காரன் என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான். பெயரைச் சொல்லவில்லை, முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

அந்த நாட்களில் மதராசில் ஒரு ஸ்டுடியோவுக்கு எழுதிப்போட்டேன். முடித்த படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் கார்ட்டூன் பிரிவில் பழகுவதற்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அன்று முதல் அது என் ஜெபமாயிற்று. சாப்பிடும்போதும் அதே ஜெபம், படுக்கும்போதும் அதே ஜெபம்.

மூன்றாம் தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தேன். படிப்பு கெட்டது, பரீட்சையும் போயிற்று. ஐம்பத்து நாலாம் வருஷம் பள்ளிக்கூட விடுமுறையில், கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, இரண்டு மின்சார விளக்கு போட்டு எடுத்தோம். உள்ளே சூளைச் சூடு. தாசனுடைய வியர்வை சித்திரத்தில் சொட்டாமல் இருக்க அவன் தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டான். ஒரு தடவை அவன் கையை எடுக்குமுன் நான் அழுத்திவிட்டேன்.

"லேய், கைய எடுக்க மாட்டியா? படத்துல விழுந்துட்டுடே" என்று கத்தினேன்.

"எனக்க கையும் சினிமாவுல வரட்டுடே. ஐயருக்குத் தெரியாண்டாம்" என்றான்.

சிரித்தோம். திரும்பவும் எடுக்க ஃபிலிம் மிச்சமில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

எடுத்த ஃபிலிமைக் கழுவும்வரை வெளிச்சம் படக்கூடாது. பட்டால் எல்லாம் வெளுத்துப்போகும். கறுப்புக் காகிதத்தில் சுற்றி, தகர டப்பாவில் வைத்து, சுற்றிலும் நாடா ஒட்டினோம். திருவனந்தபுரத்தில் ஒரு போட்டோக் கடையில் கொடுத்தால் அவர்கள் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்கித் தருவார்கள். ஆகஸ்ட் மாதம். மலையாள சர்க்காரை விட்டுத் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நம் ஊர்களில் ஊர்வலமும் மறியலும் நடந்துகொண்டிருந்த நேரம். தக்கலையிலிருந்து பஸ் ஓடுகிறது என்றார்கள், ஏறிவிட்டோம்.

மார்த்தாண்டத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தோம். ரோட்டோரம் மூடிக்கிடந்த ஒரு கடையின் வராந்தாவில் போலீஸ்காரர்கள் நின்று போகிற ஆட்களைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையில் நாடா சுற்றிய தகர டப்பா. அதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறிற்று. திறக்கச் சொன்னார்கள். நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். சினிமாப் படம், வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று தமிழிலும் தெரிந்த மலையாளத்திலும் சொல்லிப் பார்த்தேன். வெடிகுண்டுக்காரனும் அப்படித்தான் சொல்வான் என்றார் ஒருவர். என்னை அங்கே உட்காரவைத்து, டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தார்கள். பெரிய அதிகாரி வரட்டும், அவர் முன்னால் திறப்போம் என்றார்கள்.

தாசனைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவன் ஊருக்குப் போகவில்லை. எங்கள் இருவருக்கும் பாடம் சொல்லித்தந்த சார் ஒருவர் மார்த்தாண்டத்தில் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அவர் வந்து சொன்னால் கேட்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"நீ இங்ஙன இரி. நான் போய் சாரக் கூட்டிட்டு வாறேன். படம் ஒண்ணும் ஆவாது, கேட்டியா" என்றான்.

போனான். நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். அந்த ஜெபம் வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. "ஆண்டவரே, இந்த டப்பாவை மட்டும் காப்பாற்றும். திறக்க விடாதேயும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்."

சந்தைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வராந்தாவில் நின்ற போலீஸ்காரர்கள் எல்லாரும் அந்தத் திசையில் ஓடினார்கள். டப்பா மேசைமேல் இருந்தது. நாடாகூடக் கிழியவில்லை. அதை எடுத்துக்கொண்டு நான் தாசன் போன வழியில் ஓடினேன். கூட்டம் எதிரே வந்து என்னைத் தள்ளிக்கொண்டே திரும்பக் கொண்டுவந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். துணி போர்த்தியிருந்தார்கள். அவன் சார் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இதுதான் நீங்கள் இரண்டு வருஷமாகக் கேட்ட சாட்சி. நான் கேட்டேன், அவர் கொடுத்தார். டப்பாவை மட்டும் என்றேன், டப்பாவை மட்டும் காத்தார். கேட்கிறதைக் கவனமாகக் கேட்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து என்னை ஞாயிறு பள்ளிக்கு இழுத்துப்போன யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அடக்கத்தின்போது ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "உன்னை வச்சு ஆண்டவருக்க திட்டம் பெருசாக்கும்" என்றார். பக்கத்தில் மாமி நின்றார்கள். அப்படியானால் தாசனை வைத்து என்ன திட்டம் என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

நான் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பென்சிலைத் தொடவில்லை. ஜெபமும் பண்ணவில்லை. கோயிலுக்கு வந்தது அம்மையின் அழுகைக்காக. மாதங்கள் போயின.

ஒரு நாள் தங்கம்மை மாமி வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். வீட்டில் தாசனுக்கு ஒரு போட்டோகூட இல்லை என்றார்கள். எடுக்க வேண்டும் வேண்டும் என்று நாள் போய்விட்டதாம்.

"அந்தப் படம் என்னாச்சு மக்களே? அவனும் சேந்து செய்த சோலியில்லியா? அதப் பாத்துட்டாவது இரிக்கேன்."

இவ்வளவு நாள் உஷ்ணத்தில் கிடந்ததில் அது கெட்டுப்போயிருக்கும் என்றேன்.

"நீ அனுப்பு. நான் ஜெபம் பண்ணுதேன்."

"பண்ணுங்க மாமி. எனக்கு வாய் வராது" என்றேன். என்னவென்று ஜெபம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்க மவன ஒருக்க காட்டும்னு" என்றார்கள். சொப்பனத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

அனுப்பினேன். கெட்டுப்போகாமல் திரும்பி வந்தது. பள்ளிக்கூட ஹாலில் போட்டுக் காட்டினோம். உங்களில் பாதிப்பேர் அன்று இருந்தீர்கள். குடை மின்னவில்லை, நடுங்கவில்லை. காற்றில் எழும்பி ஆட்டுக்குட்டிமேல் போய் நின்றபோது பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி வந்தது. வந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. படம் முடியப்போகும்போது திரையில் என்னவோ ஒன்று பளிச்சென்று அடித்துவிட்டுப் போயிற்று. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. பின்னால் ஒரு பிள்ளை சிரித்தது. பிழை இருக்கிறதே என்று என் முகம் சூடாயிற்று.

மாமி எழுந்து நின்றார்கள்.

"அது எனக்க மவனுக்க கையாக்கும்."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மறுபடியும் ஓட்டினோம். மறுபடியும் பளிச். மூன்றாவதும் ஓட்டினோம். நிறுத்திக் காட்டக் கூடாதா என்று மாமி கேட்டார்கள். நிறுத்தினால் விளக்குச் சூட்டில் அந்த இடம் எரிந்துபோகும் என்றேன்.

"வேண்டாம் மக்களே. எரியாண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். நகத்தளவுதான் இருந்தது. குடைச் சித்திரத்தின்மேல் விரித்துவைத்த ஒரு கை. வளைந்த சுண்டுவிரல். சின்ன வயதில் கொல்லாமரத்திலிருந்து விழுந்து ஒடிந்து, சரியாகக் கூடாத அதே விரல். இந்த ஃபிலிமுக்கு வேறு பிரதி கிடையாது. வெட்டினால் வெட்டியதுதான், ஒட்டுப்போட்ட இடத்தில் படம் குதிக்கும், மதராஸ்காரர்கள் பார்க்கப்போகிற படம், யோசித்துச் செய் என்று போதகர் சொன்னார். நான் யோசிக்கவில்லை. கத்தரித்துக் கொண்டுபோய் மாமியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர்கள் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன், திரும்பவும் பார்த்தார்கள். முதலில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிறகுதான் அழுதார்கள்.

மதராசில் படத்தைப் பார்த்த பெரிய மனுஷர், "நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் இந்த இடத்தில் குதிக்கிறதே, கவனமில்லாத வேலை" என்றார். ஆமாம் சார் என்றேன். சேர்த்துக்கொண்டார். ஒரு வருஷமாக அங்கே பிறருடைய படங்களுக்குப் புல்லும் மேகமும் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆக, அந்த ஜெபமும் கேட்கப்பட்டது. போன மாதம் நாம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த அன்று நீங்கள் வெடித்த பட்டாசுக்கு நடுவில் தாசனுடைய பெயரை எத்தனை பேர் நினைத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

பிரியமானவர்களே, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இப்போது என் பயமே அதுதான். மாமி ஒரே ஒரு தடவை, ஒருக்க காட்டும் என்று கேட்டார்கள், அவர் ஒருக்கக் காட்டினார். கஞ்சத்தனம் என்று நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். மாமி போடவில்லை. அவர்கள் வேதபுஸ்தகத்துக்குள் அந்தக் கை இருக்கிறது, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டால் காட்டுவார்கள். மாமி அன்றே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்றைக்குத்தான் வாய் வந்தது. அதற்கு ஸ்தோத்திரம்.

நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். ஆனால் எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் இப்போது ஜெபிக்குமுன் அறையில் யார் யார் இருக்கிறார்கள், யார் எழுந்து வெளியே போனார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன். நேரமாகிறது, பரவாயில்லை.

இப்போது ஜெபிக்கப்போகிறோம். உடனே கண்ணை மூடாதீர்கள். பக்கத்தில் இருப்பது யார் என்று முதலில் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள். நான் காத்திருக்கிறேன்.