இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு ஸ்கூட்டர்

எங்கள் மாப்பிள்ளைக்கு மேப்பில் மதுரையும் திருச்சியும் பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரி தெரிந்திருக்கிறது. அதனால் தன் அம்மாவுக்கு மும்பையிலிருந்து மதுரைக்கு ஒரு விமானமும், அன்றைக்கே திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு விமானமும் போட்டுவிட்டார். எனக்கும் அந்தத் திருச்சி விமானத்தில்தான் டிக்கெட். சிங்கப்பூரில் அவரும் என் மகளும் புதிதாக வாங்கியிருந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். இரண்டு அம்மாக்களும் முதல் தடவையாக வெளிநாடு வருகிறார்கள், ஒருவருக்கொருவர் துணையாக வரட்டும் என்று நினைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் சம்பந்தியம்மா மதுரையில் இறங்குவது காலை ஒன்பது மணிக்கு. திருச்சியில் நாங்கள் இருக்க வேண்டியது மாலை ஆறு மணிக்கு. நடுவில் ஒன்பது மணி நேரம், அந்த நேரத்தில் அவரை வைத்துக்கொள்ள திண்டுக்கல்லில் நாங்கள்.

"அம்மா, அத்தை ரொம்பப் பேச மாட்டாங்க. போரடிக்காம பாத்துக்கோ" என்று மகள் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டாள்.

அவர் பேச மாட்டார் என்பது எனக்கே தெரியும். கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியும், சாப்டாச்சா, உடம்பு எப்படி இருக்கு, அங்க மழை உண்டா என்ற மூன்று கேள்விகளைத் தாண்டி நாங்கள் போனதில்லை. அவர் மாப்பிள்ளையின் அம்மா, நான் பெண்ணின் அம்மா. ஏதாவது தப்பாகப் பேசிவிடுவேனோ என்று எனக்குப் பயம். அவருக்கும் என்னிடம் அதே பயம் இருந்திருக்கிறது. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. காலையிலிருந்து அவரும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போகலாமா என்றார், வெயிலில் படி ஏறினால் மயக்கம் வரும் என்றேன். சிறுமலை என்றார், வளைவுகளில் வாந்தி எடுத்தால் ராத்திரி எப்படி விமானத்தில் ஏறுவார் என்றேன். "அப்ப வீட்லயே ஏசியப் போட்டுப் படுக்கச் சொல்லு, நான் கறி எடுத்துட்டு வந்து சமைச்சுப் போடுறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவர் சமையல்.

வாடகைக் காரில் மதுரைக்குப் போய் அழைத்து வந்தேன். மூன்று கேள்விகளும் விமான நிலைய வாசலிலேயே தீர்ந்துபோயின. வாடிப்பட்டி தாண்டும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். கொடைரோட்டில் கார் நின்றபோது மல்லிகைப்பூ இரண்டு முழம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "வாசனை நல்லா இருக்கு" என்றார். மறுபடியும் ஜன்னல்.

வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார். குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டார். உள்ளறையில் ஏசியைப் போட்டு, கட்டிலில் புது விரிப்பு விரித்து, "செத்த நேரம் படுங்க, சம்பந்தியம்மா" என்று கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அறையில் ஆள் இல்லை. கார் நிறுத்தும் இடத்தில், என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க."

"நீங்களே ஓட்டுவீங்களா?"

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன், வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது என் பொறுப்பு, வண்டி இல்லாமல் முடியாது என்று சொன்னேன். அவர் கைப்பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எந்த வயசில கத்துக்கிட்டீங்க?"

"நாப்பத்தாறுல."

"நாப்பத்தாறா!" என்று என்னை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்க வீட்லயும் ஸ்கூட்டர் இருக்கு. அவர் ஓட்டுவார். பின்னாடி உக்காந்து முப்பது வருஷமா அவர் முதுகைத்தான் பாத்திருக்கேன். நான் ஓட்டறேன்னு ஒரு தடவை கேட்டேன். உனக்கெதுக்குன்னுட்டார்." குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு எனக்குச் சொல்லித் தர முடியுமா?" என்றார்.

ராத்திரி விமானம். கையோ காலோ முறிந்தால் மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? "திரும்பி வரும்போது பாத்துக்கலாமே" என்று மழுப்பினேன்.

"திரும்பும்போது நேரா மும்பைக்கு டிக்கெட். அங்க எந்த ரோடு காலியா இருக்கு? இங்க எனக்கு ஒன்பது மணி நேரம் சும்மா கிடைச்சிருக்கு. அதுலயும் ரெண்டரை மணி நேரம் போயிடுச்சு."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சரி என்றுவிட்டேன்.

புடவையோடு முடியாது. மகள் விட்டுப்போன சுடிதார் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தோளில் பிடித்தது, இடுப்பில் இன்னும் பிடித்தது. பக்கவாட்டில் இரண்டு விரற்கடை தையலைப் பிரித்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். "பக்கத்துல கோயில் வரைக்கும் போய்ட்டு வாரோம்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார, கிளம்பினோம்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீட்டுமனை போட்டு வைத்திருக்கிறார்கள். நுழைவு வளைவு கட்டி, தார் ரோடு போட்டு, மனைக்கு நாலு கல் நட்டிருக்கிறார்கள். வீடு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. சிறுமலை தெரிகிற வெட்டவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் காலி ரோடு. ஓட்டிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. நானும் அங்கேதான் பழகினேன்.

ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். எது பிரேக், எது ஆக்ஸிலேட்டர் என்று சொன்னேன். "மெதுவா முறுக்குங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, வண்டி பாய்ந்தது. பின்கம்பியைப் பிடித்திருந்த நானும் கூடவே பாய்ந்தேன். அவர் கத்தினார், நானும் கத்தினேன். எப்படியோ பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். "நல்லா இருக்கு!" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

அடுத்த அரைமணி நேரம் அவர் காலை மேலே வைக்கவே இல்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்ந்தார். மனைக் கல்லில் உட்கார்ந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, காலைத் தூக்கி மேல வையி! தரைய உழுதுக்கிட்டே போனா எப்ப ஊரு போய்ச் சேருறது?"

என்ன சொல்வாரோ என்று நான் பதறினேன். சம்பந்தியம்மா வண்டியை நிறுத்தி அந்த அம்மாவைப் பார்த்தார். "வச்சா விழுந்துட மாட்டேனா?"

"விழுந்தா எந்திரி!"

காலை மேலே வைத்தார். பத்தடி, இருபதடி, முதல் முனை வரைக்கும் ஆடாமல் போனார். ஆனால் திருப்பத்தை நாங்கள் பழகவில்லை. வண்டி நேராகப் போய், யாரோ வீடு கட்ட நினைத்துக் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் ஏறி, மெதுவாகச் சாய்ந்தது. நான் ஓடிப் போனபோது மணலில் மல்லாந்து கிடந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினால் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டேன். சம்பந்தியம்மா என்ற சொல் அந்த அவசரத்தில் வாயில் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

முழங்கையில் கொஞ்சம் தோல் உரசியிருந்தது. சீட்டுக்கு அடியில் என் வேலைப் பெட்டி எப்போதும் இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். ஊசி போடுகிறவர்களிடம் குழந்தைகள் காட்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். "உங்ககிட்டப் பேச எனக்கு ரொம்பத் தயக்கம்" என்றார், திரும்பாமலே. "வேலைக்குப் போறவங்க, எல்லாம் தெரிஞ்சவங்க. நான் ஏதாவது பேசி அசட்டுத்தனமா ஆயிடுமோன்னு."

பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, "எந்திரிங்கக்கா, திருப்பம் பழகலாம்" என்றேன்.

அவர் நாலாவது சுற்று போய்க்கொண்டிருக்கும்போது என் கணவர் பைக்கில் வந்து இறங்கினார். கோயிலில் தேடிவிட்டு வந்திருக்கிறார். மகளின் சுடிதாரில், ஹெல்மெட்டோடு, சம்பந்தியம்மா தனியாக வண்டி ஓட்டி வருவதைப் பார்த்து அப்படியே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் நாலைந்து ஆடுகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. அவர் ஓடிப்போய்க் கையை விரித்து ஆடுகளை மறித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, வழி இருக்கு!" என்று கூப்பிட்டார். அக்கா தலையைக்கூடத் திருப்பாமல் அவரைக் கடந்து போனார்.

கடைசிச் சுற்றுக்கு என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். எட்டு வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறேன், ஒருநாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. பயத்தில் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நுழைவு வளைவு வரைக்கும் போய், திரும்பி, கணவரின் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கறி ஆறுது" என்றார் கணவர். ஆடு மேய்த்த அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டோம். ஆட்டை விட்டுவிட்டு வர முடியாது என்றார். பிறகு கணவர்தான் ஒரு தூக்கில் சோறும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நாங்கள் உட்காரும்போது மணி இரண்டரை. அக்கா இரண்டு தடவை சோறு வாங்கி, வெஞ்சனத்தை எல்லாம் வழித்துச் சாப்பிட்டார். நாலு மணிக்குக் கார் கிளம்பியது. வடமதுரை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். விமான நிலைய வாசலில் எழுப்பினால், நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார்.

பெட்டிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால். "என்னம்மா, பாவம், ஒன்பது மணி நேரம் என்ன பண்ணீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

அக்கா முழங்கையைப் புடவைத் தலைப்பால் மூடினார். "என்ன பண்றது, சும்மா படுத்திருந்தேன். நல்ல ரெஸ்ட்" என்றார். பக்கத்தில் நான் சிரிப்பை அடக்க முடியாமல் போனில் தெரியாத பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

மும்பைக்குத் திரும்பிய பிறகு அக்கா வீட்டில் சொல்லாமலே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றித் தோற்றுப்போனார். இரண்டாம் தடவை லைசென்ஸ் வாங்கிவிட்டார். அன்றைக்குத்தான் அவர் கணவருக்கே தெரியுமாம். இப்போது காய்கறிச் சந்தைக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறாராம். "ரொம்ப வேகமாப் போறேன்னு வழியெல்லாம் ஒரே புலம்பல்" என்று சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. இரண்டு பேரில் யாருக்குப் போட்டாலும் லைன் கிடைப்பதில்லை என்று மகள் சண்டை போடுகிறாள்.