கத்தரிக்காயும் கழித்தல் குறியும்

மகள் டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவள் இருமினால் நான் வெப்பமானியைத் தேடுவேன். இருமாமல் இருந்தால், நித்திரையா மயக்கமா என்று அறைக் கதவடியில் நின்று பார்ப்பேன். பதினான்கு வயதுப் பிள்ளை. "அப்பா, நான் உயிரோடைதான் இருக்கிறன். நீங்கள் போய்ப் பேப்பர் திருத்துங்கோ" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

அந்த நாட்களில்தான் எனக்கு அந்தக் கசெற் ஞாபகம் வந்தது. அவள் ஐந்து வயதில் முன்பள்ளிக் கலைவிழாவில் கத்தரிக்காயாக நடித்த வீடியோ. இடம்பெயர்ந்து திரிந்ததில் என்னுடைய சிறுவயதுப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மனைவியுடையதும் இல்லை. எங்கள் வீட்டில் யாருடைய சிறுவயதையாவது கையில் எடுத்துக் காட்டலாம் என்றால், அது இந்த ஒரு மணி நேரக் கசெற்றில் மட்டும்தான். போட்டுப் பார்க்கப் போனேன். பழைய டெக் நாடாவை இழுத்துக் கசக்கிவிட்டது.

பருத்தித்துறையில் றேடியோ திருத்தும் ஒருவர் அதைக் கழற்றி நீவிக் கொடுத்தார். "சேர், இது ஒருக்கால் ஓடும். ரெண்டாந்தரமும் ஓடினால் நீங்கள் செய்த புண்ணியம். அதுக்குள்ளை டிவிடிக்கு மாத்திப்போடுங்கோ."

மாற்றுவதற்கு மெஷின் இருந்தது. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் போன தடவை வந்தபோது விட்டுவிட்டுப் போன டிவிடி றெக்கோடர். ஒரு பக்கம் கசெற் போகும், மற்றப் பக்கம் டிஸ்க் போகும், இதிலிருந்து அதற்குப் பதியும். விளக்கப் புத்தகம் முழுக்க ஜெர்மன் மொழி. வெறும் டிஸ்க் மட்டும்தான் வாங்கவேண்டியிருந்தது.

கொடிகாமத்தில் பஸ் ஏறி நல்லூருக்குப் போனேன். ரியூசன் நிலையங்களுக்கு நடுவே ஒரு கொம்பியூட்டர் கடை. நடத்துகிறவர் என் வயதுப் பெண்மணி. இரண்டு வகை டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆர் என்ற ஆங்கில எழுத்துக்கு முன்னால் ஒன்றில் கூட்டல் குறி, மற்றதில் கழித்தல் குறி.

"உங்கடை மெஷின் எதை எடுக்கும், சேர்? சிலது ரெண்டையும் எடுக்கும், சிலது ஒண்டைத்தான். முன்பக்கத்திலை எழுதியிருக்கும். பாத்துக்கொண்டு வந்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. இருபது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். கழித்தலில் பயப்பட ஒன்றுமில்லை என்று வருடா வருடம் ஏழாம் வகுப்புக்குச் சொல்கிறேன். ஆனால் பிள்ளை ஆஸ்பத்திரியால் வந்த வீட்டுக்குக் கழித்தல் குறியைக் கொண்டுபோக மனம் வரவில்லை.

"நான் கணக்கு வாத்திதான். ஆனால் இப்ப கழித்தல் வேண்டாம், கூட்டலையே தாங்கோ" என்றேன்.

மெஷின் அதை விழுங்கி, அரை நிமிடம் யோசித்து, வெளியே தள்ளியது. மகள் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தாள். "அப்பா, இதிலை வடிவா மைனஸ் எண்டு போட்டிருக்கு. வாங்க முதல் ஒருக்கால் குனிஞ்சு பாத்திருக்கலாமே?"

நல்லவேளை, கசெற்றை இன்னும் ஓடவிடவில்லை. அடுத்த நாள் மறுபடியும் நல்லூர். கடைக்காரப் பெண்மணி கழித்தலை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "கணக்குப் படிப்பிக்கிறனீங்கள் எண்டு நேற்றுச் சொன்னியள். மைனஸுக்கு ஏன் பயந்தனீங்கள்?"

காசைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் புதுச்சாமான் எதையும் சந்தனப் பொட்டு வைக்காமல் பாவிக்கத் தொடங்குவதில்லை. சைக்கிள் என்றால் ஹான்டிலில், குளிர்சாதனப் பெட்டி என்றால் கதவில். கழித்தல் குறிக்கு அது கட்டாயம் தேவை என்று எனக்குப் பட்டது. டிஸ்க்குக்கு முகம் எது? மினுங்குகிற பக்கம்தான் என்று முடிவெடுத்தேன். நடுவில் வைத்தால் மெஷினுக்கு இடைஞ்சல் என்று, மிகவும் புத்தியாக, ஓரத்தில் சின்னதாக ஒரு பொட்டு. காயும்வரை ஊதினேன். ஒருவரும் பார்க்கவில்லை.

இந்தமுறை மெஷின் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. "ஆகத் திறம் தரத்திலை எடுப்பம். ஒரு மணித்தியாலத்துக்கு டிஸ்க் முழுக்க நிறையும்" என்று மகள் பொத்தானை அமத்தினாள். கசெற் ஓடியது. மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், தலைவர் உரை, பிறகு மரக்கறிகளின் ஊர்வலம். வெண்டிக்காய் வந்தது, பூசணிக்காய் வந்து கும்பிட்டுவிட்டு இறங்கியது. அடுத்தது கத்தரிக்காய்.

எல்லாம் நின்றது. திரையில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி.

திருத்துகிறவர் சொன்ன அந்த ஒருக்கால் முடிந்துவிட்டது.

"கசெற்றை ஒருத்தரும் தொடாதையுங்கோ!" என்று மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். "பூசணிக்காயோடை நிக்குதுதானே? அதிலையே நிக்கட்டும். நீங்கள் வேறை டிஸ்க் வாங்கிக்கொண்டு வாங்கோ. அதிலையிருந்து எடுப்பம்."

மூன்றாம் முறை நல்லூர். கடைக்குள் போகும்போதே குரலை உயர்த்திவிட்டேன். "என்ன தங்கச்சி, பழுதான சாமானையே விக்கிறியள்?"

அவர் டிஸ்க்கை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "சேர், இது மணக்குது."

நான் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை வாசிக்கத் தொடங்கினேன்.

"கோயில் சந்தனமோ?"

"புதுச்சாமான் எண்டு..."

"திருநீறு பூசேல்லையோ?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்து முடித்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "இந்தப் பக்கத்தாலைதான் லேசர் எழுதிறது. நடுவிலை தொடங்கி ஓரத்துக்கு வரும். வந்த இடத்திலை உங்கடை பொட்டு நிண்டு மறிச்சிருக்கு."

மெல்லிய துணியை நனைத்து, சுற்றித் துடைக்காமல், நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைத்து, புது டிஸ்க் ஒன்றோடு சேர்த்துத் தந்தார். "வீட்டை போய் இதை மெஷினிலை போட்டு, பதிவை முடிக்கிற பொத்தானை அமத்தி மூடிவிடுங்கோ. பதிஞ்ச மட்டும் இருக்கும். மூடாட்டி வேறை மெஷினிலை ஓடாது. இனிப் பொட்டு எண்டால் கவரிலை வையுங்கோ."

வீட்டில் மகள் கேட்டாள். "டிஸ்க்குக்கு என்னவாம்?"

"தூசியாம்."

"என்ன தூசி?"

"சந்தனத் தூசி."

தாயும் மகளும் சிரித்து முடிக்கும்வரை நான் யன்னலால் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மகள் பழைய டிஸ்க்கை மூடி எடுத்தாள். விளக்கிலிருந்து பூசணிக்காய் வரை எல்லாம் இருந்தது. புது டிஸ்க்கைப் போட்டாள். கசெற்றை நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

கத்தரிக்காய் வந்தது. ஊதாத் தாள், தலையில் பச்சைக் கிரீடம், முழங்காலில் ஒரு பிளாஸ்டர். "நான் ஒரு கத்தரிக்காய்" என்று தொடங்கி, மறந்துபோய், நின்றது. உதடு நடுங்கியது. பிறகு மைக்கில் தெளிவாக, "அப்பா, அடுத்தது என்ன?"

கமராவுக்குப் பக்கத்திலிருந்து என் குரல், மண்டபமே அதிர: "எனக்குக் கிரீடம் உண்டு, பிள்ளை! கிரீடம்!" சபை முழுக்கச் சிரிப்பு. கத்தரிக்காயும் சிரித்து, கிரீடத்தைத் தொட்டுக் காட்டி, மிச்சத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தது.

எனக்கு அந்த இடம் அடியோடு மறந்துபோயிருந்தது.

"அண்டைக்கே உங்களுக்கு என்னைக் கொஞ்சநேரம் தனிய நிக்கவிட ஏலாமல்தான் இருந்திருக்கு" என்றாள் மகள்.

"நீதானே கூப்பிட்டனீ?"

"ஓம். அது உண்மைதான்."

டிஸ்க்கை மூடி எடுத்தோம். கசெற்றை வெளியே எடுக்கும்போது நாடா உள்ளே சிக்கி, டக்கென்று அறுந்தது. நான்கு நாளைக்கு முதல் என்றால் எனக்கு நெஞ்சு நின்றிருக்கும். இப்போது மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

மனைவி சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாங்கோ. எங்கை வைக்கிறதெண்டு முதலிலை பிள்ளையைக் கேளுங்கோ."

மகள் கிண்ணத்தை வாங்கி, இரண்டு கவரிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். விரலில் மிஞ்சியதை என் நெற்றியில் தேய்த்தாள். அவளுடைய கை சூடாக இல்லை. அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.