தங்கை நூறு வரை சொல்ல வேண்டிய வாரம்

அந்த வாரத்தின் தேதி என்னிடம் இல்லை. பள்ளிச் சான்றிதழையும் பழைய பஞ்சாங்கங்களையும் வைத்துப் பார்த்ததில், எழுபதுகளின் தொடக்கம், சித்திரை பிறந்த பிறகு என்பது வரை சொல்ல முடிகிறது. கிழமைகளில் சந்தேகமில்லை. வீரபாண்டியில் அம்மன் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் மரக்கம்பம் நட்ட புதன்கிழமை அந்த வாரத்தில்தான் வந்தது. மற்ற நாள்களை அதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். ஒன்றாம் வகுப்பு மேற்குச் சுவரைப் பார்த்திருக்கும், நாங்கள் கிழக்கைப் பார்த்திருப்போம். என் முதுகுக்குப் பின்னால் என் தங்கை. ஒரு வயதுதான் இளையவள். இருவரையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்த்தார்கள். நான் தேறி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன், அவள் ஒன்றிலேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். இரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை கூடப் பேசியதில்லை. வீட்டிலோ தெருவுக்கே கேட்கும் வாய்.

திங்கட்கிழமை டீச்சர் அறிவித்தார். வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து உயிரெழுத்தும் ஒன்றிலிருந்து நூறு வரையும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் இரண்டாம் வகுப்பு. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இந்த வருடமும் தேறாவிட்டால் அவள் வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும், அம்மாவும் தோட்ட வேலைக்கு வரலாம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுநாள் மாறியிருப்பார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அம்மா பள்ளிக்கூடம் வந்து டீச்சரைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நல்லாத்தான் பேசுனாக," என்றாள் வீட்டில். "வீட்டுல நல்லாப் பேசுறான்னு எல்லாத் தாயும்தான் சொல்றாகளாம்."

புதன்கிழமை தங்கையை வீரபாண்டிக்குக் கூட்டிப்போய், கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இவள் பேசினால் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு வந்தாள். தங்கை போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஓயாமல் பேசினாளாம்.

அன்று மதியம் நான் டீச்சரிடம் தனியாகப் போனேன். தினமும் சாயங்காலம் அவள் தம்பியைத் தொட்டிலில் போட்டு, கையில் குச்சி வைத்துக்கொண்டு, டீச்சர் மாதிரியே பாடம் நடத்துவாள், வெளியே ஓலைத்தட்டி ஓரமாக நின்று கேட்டால் போதும் என்றேன். டீச்சர் தேனியிலிருந்து வருகிறவர். நாலரை பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது. என்றாலும் ஒத்துக்கொண்டார்.

"நாளைக்கு வாரேன். அவகிட்ட மூச்சுவிடாத."

அவளிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். சொல்லாவிட்டால் அந்த நேரம் பார்த்து அவளை விறகு பொறுக்க அனுப்பிவிடுவாள் என்று பயம்.

வியாழக்கிழமை எல்லாம் சரியாகவே நடந்தது. நான் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை தொட்டிலை ஆட்டிவிட்டுக் குச்சியை எடுத்தாள். "ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லு," என்று தம்பியை அதட்டினாள். பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள். இருபதைத் தாண்டும்போது தட்டிச் சந்தில் நீலச் சேலைக்கரை தெரிந்தது. டீச்சர் வந்துவிட்டார். முப்பது, நாற்பது. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

நாற்பத்தேழில் வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இரவல் வாங்கிக் காப்பி போட்டுவிட்டாள். பாயையும் தட்டிப் போட்டாள்.

"டீச்சர் வெயில்ல நிக்கலாமா? உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிங்க."

உள்ளே சத்தம் நின்றது. தங்கை தொட்டிலுக்குப் பின்னால் போய் அதன் சேலைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டீச்சர் காப்பி குடித்தார். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் வந்து கும்பிட்டு நின்றார்கள். அம்மாவைப் பின்னர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரே பதில்தான்: வீடு தேடி வந்தவுகளை வாசல்ல நிப்பாட்டி வைக்கவா?

பஸ் நிறுத்தம் வரை டீச்சர் கூடவே போனேன்.

"கேட்டீகளா டீச்சர்?"

"ஒரு பிள்ளைக் குரல் கேட்டுச்சு."

"அது அவதான் டீச்சர்."

"நான் அவ குரலைக் கேட்டதே இல்லையே, ஆத்தா. அது நீயா அவளான்னு நான் எப்படிக் கண்டேன்?"

நாங்கள் அக்கா தங்கை. இன்றும் தொலைபேசியில் எங்கள் குரலைப் பிரித்தறிய முடியாது என்பார்கள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் அவளை மூன்று முறை எழுப்பினார். முதலில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, எல்லாரும் முடித்த பிறகு ஒரு முறை. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பின்னால் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சிலேட்டில் நூறு வரை எழுதி வைத்திருந்தாள்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு. இதையே வாயால சொல்லு, போதும்," என்றார் டீச்சர்.

மூச்சுச் சத்தம். என்னை அறியாமல் நான் "ஒண்ணு" என்றேன். இரண்டு வகுப்பும் சிரித்தது. அதோடு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மணி அடித்த பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கேட்காததைக் கேட்டதாகத் தன்னால் எழுத முடியாது என்று சொன்னார். ஒரு பெரிய ஆளிடம் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம். இப்போது, நிச்சயமாகத் தெரியாததை நானும் எழுதுவதில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் மட்டும் புதுச் சிலேட்டோடு கிளம்பினேன். அம்மா விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போயிருந்தாள். தொட்டில் ஆடுகிற கிரீச்சும் தங்கையின் குரலும் தெருவில் என்கூடவே வந்தன. முனையில் குழாயடியில் திரும்பும் வரை கேட்டது. முப்பத்தெட்டு வரை.