எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

கோட்டை ஊரில் பிறந்தவனுக்கு மாயாஜாலக் கதை எதற்கு என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. செஞ்சியில் கண்ணைத் திறந்தாலே ராஜகிரி மலைக்கோட்டை. பல் விளக்கும்போது மதில், பஸ்ஸுக்கு நிற்கும்போது மதில். வெளியூர்க்காரர்கள் வந்து அதன்முன் நின்று போட்டோ எடுத்துத் தள்ளுகிறார்கள். எனக்கு அது குரங்குத் தொல்லையும் வெயிலும்தான். என் கோட்டைகள் எல்லாம் போனுக்குள் இருந்தன. அங்கே டிராகன் உண்டு, சாபம் உண்டு, சத்தியத்தை மீறினால் கல்லாகிப் போகிற வீரர்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவலூர்பேட்டையிலிருந்து ஒருவனும் அனந்தபுரத்திலிருந்து ஒருவனும் பஸ் பிடித்து வருவார்கள். குளக்கரையில் உட்கார்ந்து பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். அவர்கள் வீரர்கள். நான் கதையை நடத்துகிறவன். எந்த அரக்கன் எப்போது வருவான், எந்த வரத்துக்கு என்ன நிபந்தனை என்று சொல்வதெல்லாம் நான்தான். விதியில் எங்கே சந்து இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை, அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. பழைய யோகா மேட்டை அறுத்து, பசை போட்டு ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்து ஒரு வாள்கூடச் செய்திருந்தேன். அம்மா அதை வைத்து ஒட்டடை அடித்தாள்.

சாமி விஷயத்தில் நான் ரெண்டுங்கெட்டான். நம்பிக்கை இல்லை என்று நண்பர்களிடம் பேசுவேன், கோயில் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன். ஆனால் என் வீட்டில் பாதியாக நிற்க முடியாது. எங்கள் தெரு அம்மனுக்குக் கரகம் தூக்குவது எங்கள் வகையறா. நைனா வருடம் முழுக்கக் கொத்தனார். ஆடி மாதத்தில் மட்டும் அவர் வேறு ஆள். மேஸ்திரி முதல் வார்டு மெம்பர் வரை அவருக்குக் கும்பிடு போடுவார்கள். கரகத்தோடு அவர்தான் முதலில் தீயில் இறங்குவார். அவருக்குப் பின்னால்தான் ஊர் இறங்கும்.

அதற்குக் காப்பு கட்ட வேண்டும். மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்து வலது மணிக்கட்டில் பூசாரி கட்டிவிடுவார். கட்டினால் ஒருவேளைச் சோறு, தனிப் பாய். தீமிதி முடிந்து அம்மன் முன்னால் அறுக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர் செஞ்சி டவுனை ஒட்டி, மதிலுக்குப் பின்பக்கம் இருக்கிறது. வாய்க்கால் பாலத்துக்கு அருகில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஒரு கல், அதுதான் எல்லை. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி எல்லாம் கல்லுக்கு அந்தப் பக்கம்.

போன வருடம் தீமிதிக்கு முந்தின நாள், உச்சி வெயிலில், கோயில் பந்தலில் உட்கார்ந்திருந்த நைனா மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

வெயில் என்றார்கள் முதலில். மோர் கொடுத்தார்கள். நான் ஓடிப்போனபோது அவர் வேட்டி முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. தாடை வலிக்குது என்றார். எங்கள் தெருவிலேயே ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். அவர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது ஹார்ட்டுடா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வந்ததும் ஏத்திடு. லேட் பண்ணா ஆள் கெடைக்க மாட்டாரு."

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். நைனா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"காப்போட எல்லை தாண்ட மாட்டேன். இங்கியே போறதுன்னா போவட்டும்."

"இன்னா நைனா பேசுற? சாமி உன்ன சாவச் சொல்லுச்சா?" என்று கத்தினேன்.

அவர் பிடியை இன்னும் இறுக்கினார். காப்பை அறுத்துவிடுங்கள் என்றேன் பூசாரி பெரியப்பாவிடம். அவர் காப்பு வரை கையைக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டார். "தீ மிதிக்காம அறுக்கக் கூடாதுடா. ஊருக்கே ஆவாது" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். டிரைவர் வாட்சைப் பார்த்தார். நைனாவின் உதடு சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல், ஊர்மேல், உள்ளே கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மன்மேல். தூக்கிக்கொண்டு போய்விடலாம்தான். ஆனால் அந்த ஆள் வண்டியிலிருந்து குதிப்பார், எனக்கு அவரைத் தெரியும்.

அப்போதுதான் புத்தி என் விளையாட்டுப் பழக்கத்துக்குப் போனது. இது ஒரு விதி. விதி என்றால் சந்து இருக்கும்.

"பெரியப்பா, இந்தக் காப்பு ஆளுக்கா, வகையறாவுக்கா?"

"வகையறாவுக்குத்தான்."

"தூக்குறவரு நடுவுல செத்துட்டா?"

அவர் என்னை முறைத்தார். "பெரிய புள்ள கைக்கு மாத்துவோம். உங்க தாத்தாவுக்கு அப்படித்தான் ஆச்சு."

"அப்ப இப்பவே எனக்கு மாத்துங்க."

நைனா தலையைத் தூக்கினார். "நான் உசுரோட இருக்கும்போதே என்னைச் செத்தவன்னு எழுதுறியா?" குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"மாத்துனா மாத்துனதுதான்" என்றார் பெரியப்பா, என்னிடம் இல்லை, நைனாவிடம். "திரும்ப உன் கைக்கு வராதுப்பா. அம்மனுக்கு முன்னாடி நீ இல்லாதவன். யோசிச்சுக்கோ."

யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. "கட்டுங்க அவன் கையில. அம்மனுக்கு இல்லாதவரா இருந்துட்டுப் போவட்டும். என் கழுத்துல தாலி இருக்குது, எனக்கு இருக்காரு."

நைனா அவளையே பார்த்தார். பிறகு வலது கையை மெதுவாக நீட்டினார்.

முந்தின நாள் சிக்கன் ரைஸ் தின்றவன் நான். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி அதைக் கழுவினார்கள். அவர் மணிக்கட்டிலிருந்து நழுவிய கயிறு என் மணிக்கட்டில் ஏறியது. அவருடைய வியர்வையில் அது சூடாக இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள், அம்மா ஏறினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெருமைகூடப் பட்டேன், அந்த நேரத்திலும். ஈரத்தோடு ஓடி வண்டியின் கதவைப் பிடித்தேன்.

பெரியப்பா என் கையைப் பிடித்தார். "நீ எங்கடா போற?"

எனக்குப் புரியவே இல்லை. அவர் காப்பைத் தொட்டுக் காட்டினார்.

ஊரில் எவனுக்கும் தோன்றாததைக் கண்டுபிடித்த புத்திசாலிக்கு இது தோன்றவில்லை. கதவு மூடியது. வண்டி கிளம்பியது. நான் பின்னாலேயே ஓடினேன். அது பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. நான் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

நான் படித்த கதைகளில் வீரன் இந்த இடத்தில் குதிரை ஏறுவான். என் பைக்கும் வீட்டு வாசலில்தான் நின்றது, சாவி பையில் இருந்தது. வெறும் மஞ்சள் கிழங்கு, வெறும் கயிறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாண்டினால் கல்லாகிவிட மாட்டேன். பார்க்கவும் ஆளில்லை, வாய்க்காலில் எருமைகள்தான் படுத்திருந்தன. ஆனால் நைனா வண்டியில் ஏறியது நான் இங்கே நிற்பேன் என்பதற்காக. அந்த ஒன்றை என்னால் சுற்றிப் போக முடியவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அம்மா வீடியோ காலில் வந்தாள். அடைப்பு பெரிசாம், உடனே ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகணுமாம், இவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாராம்.

"நீ எங்க இருக்கன்னு கேக்குறாரு."

போனைத் திருப்பினேன். முதலில் கல்லைக் காட்டினேன், பிறகு பாலத்தை, பிறகு என் மணிக்கட்டை. திரையில் நைனாவின் முகம் பாதிதான் தெரிந்தது. நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ, "பையன் நிக்கிறான், பேனாவக் குடுங்க" என்றார்.

மறுநாள் நான் தீயில் இறங்கியபோது அவர் ஐசியூவில் இருந்தார். தீ எப்படி இருந்தது என்று நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை, நான் போனையே நினைத்துக்கொண்டு நடந்தேன். ஏறி வந்த பிறகுதான் அவர் கண் விழித்த செய்தி வந்தது. அம்மன் காப்பாற்றினாளா, டாக்டர் காப்பாற்றினாரா என்று வாதம் பண்ண எனக்கு இப்போது தெம்பு இல்லை.

நைனா வீட்டுக்கு வந்தார். கலவைச் சட்டி தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், மேற்பார்வை வேலைக்குப் போகிறார். கரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க பயமாக இருந்தது. இந்த வருடம் ஆடி வந்தது. பெரியப்பா நேராக என்னிடம் வந்து காப்பு கட்டினார். நைனா அப்போது கொல்லையில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே அடுக்கிய விறகு.

கரகம் தெருச் சுற்றி வரும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரர்கள் தூக்குகிறவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கரகம் தலையில் இருக்கும்போது பேசக் கூடாது, குனியக் கூடாது, யாரையும் தடுக்கவும் கூடாது. எங்கள் வீட்டு வாசலில் அம்மா குடத்தோடு நின்றாள். நைனா அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். அத்தனை வருடமும் கரகத்துக்கு அடியில் நின்றவர், ஊற்றுகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று தெரியாமல் ஒரு நிமிடம் தடுமாறினார். பிறகு என் பாதத்தில் தண்ணீர் விழுந்தது, சில்லென்று. நான் நேரே ராஜகிரியைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஊரில் எல்லோரும் செய்வதைப் போல, நைனா என் காலில் விழுந்தார்.