ஓரிரு இடங்களில்

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட நடந்து கொண்டிருந்தேன். சாலை காய்ந்து கிடந்தது. லாரி போனால் புழுதி எழும்பி ஈரச் சட்டையில் ஒட்டியது. மேனாம்பேட்டில் மழை கொட்டி முடித்த இடத்திலிருந்து நாலைந்து தெருதான் தாண்டியிருப்பேன்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டீக்கடையில் நின்றிருந்த ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, துணியோட குளிச்சிட்டு வர்றியா?"

"மேனாம்பேட்ல மழ."

"மழயா? இங்க ஒரு தூத்தல் கூட இல்ல."

டீ ஆற்றிக் கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "அவனுக்குன்னு தனியா ஒரு மேகம் வாங்கி வச்சுகிறான், அண்ணாத்தே."

நானும் சிரித்தேன். செருப்புக்குள் சிமெண்ட் தண்ணீர் புகுந்து விரலிடுக்கெல்லாம் எரிந்தது. பூந்தமல்லிக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன். அங்கே யாரும் காத்திருக்கவில்லை. இங்கே இனி படுக்க இடமில்லை, அவ்வளவுதான்.

அதுவரை படுக்க இடம் இருந்தது. கட்டிக் கொண்டிருந்த ஒரு வீட்டில் சித்தாள் வேலை. சிமெண்ட் மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகையிலேயே இரவில் படுத்துக் கொள்வேன். வீட்டுக்காரர் தெற்கத்திக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெறப் போகிறவர். கல்யாணமானதிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள், ஐப்பசி மழைக்கு முன்னால், மேல்தளம் போட்டாக வேண்டும். கணவனும் மனைவியும் தினமும் வந்து அந்த ஒன்றைத்தான் கேட்பார்கள்: "தளம் எப்போ மேஸ்திரி?"

தளம் போடுகிற அன்று காலை அவர் கையில் போனோடு வந்தார்.

"மேஸ்திரி, ஓரிரு இடங்களில் இடியோட மழைங்கான். ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கிடலாமா?"

மேஸ்திரி பீடியைக் காதில் செருகிக் கொண்டார். "ஓரிரு எடம்னு தான சார் சொல்லிகிறான்? அந்த ஒண்ணு ரெண்டு எடம் உங்க ஊடு தானா? திருத்தணி வரிக்கும் எடம் கெடக்குது."

"அதுக்கில்ல..."

"நாளைக்கு அஷ்டமி. மறுநா நவமி. அப்பால கலவை மிஷின் திருவேற்காடு போய்டும். அது திரும்பி வர்றதுக்குள்ள அடமழ புடிச்சுக்கும். சொல்லுங்க, இன்னா பண்ணலாம்?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வானத்தைப் பார்த்தார். ஆவணி வானம் வெள்ளையாகக் காய்ந்து கொண்டிருந்தது. "போடச் சொல்லுங்க" என்றார்.

அவர்கள் செய்ததைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரெல்லாம் அந்தச் செய்தியை அப்படித்தான் கேட்கிறது. ஓரிரு இடம் என்றால் வேறு யாருடைய இடமோ.

மிஷினின் பெல்ட் அறுந்து காலையில் பாதி நேரம் போயிற்று. மதியம்தான் வேலை சூடு பிடித்தது. புழுக்கம் தாங்க முடியவில்லை. கலவைச் சட்டியைக் கை மாற்றும்போது வியர்வையில் வழுக்கியது. தளம் போடும் நாளில் வேலையாட்களுக்குப் பிரியாணி போடுவது வழக்கம். அந்த அம்மா பெரிய அண்டாவில் கொண்டு வந்திருந்தார். நாங்கள் கை கழுவிக் கொண்டிருந்தபோது கிழக்கிலிருந்து காற்று வந்தது. ஜில்லென்ற காற்று. நனைந்த பனியன் முதுகில் குளிர்ந்தது.

"கடல் காத்து வந்துட்ச்சி சார்" என்றார் மேஸ்திரி. "இனிமே மழயாவது ஒண்ணாவது. நிம்மதியா துண்ணுங்க."

வீட்டுக்காரர் அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார். அவரும் எங்களோடு சாப்பிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவன். நிலம் பகலில் சீக்கிரம் சூடாகும், அதனால் கடலிலிருந்து காற்று வரும் என்ற வரைக்கும் பாடத்தில் படித்திருக்கிறேன். வந்த காற்று என்ன செய்யும் என்பதை இந்தப் பக்கங்களில் ஆண்டுக்கணக்காக அலைந்த பிறகுதான் புரிந்து கொண்டேன். ஆடி ஆவணியில் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். கடல் காற்று அதன் அடியில் ஆப்பு மாதிரி புகுந்து சூட்டை மேலே தள்ளும். தள்ளிய சூடு மேகமாகி, சாயங்காலம் ஏதோ ஒரு தெருவில் இடியோடு இறங்கும். கடற்கரைக்காரனுக்குக் காற்றோடு போய்விடும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரனுக்குச் சில நாள் அந்தக் குளிர்ச்சிதான் மழையின் தொடக்கம். இது தெரிந்து எனக்கு ஒரு பயனும் இல்லை. சித்தாளிடம் யாரும் வானத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் அஷ்டமி அஷ்டமிதான், மிஷின் திருவேற்காடு போகிற மிஷின்தான்.

தளத்தின் கடைசி மூலைக்குக் கலவை ஏறிக் கொண்டிருந்தபோது மேற்கே கறுத்தது. கறுத்ததும் வந்துவிட்டது. தார்ப்பாயை நாலு பேர் பிடித்தோம். காற்று அதைப் பிடுங்கிப் பக்கத்து மனையில் எறிந்தது. மழை பெரிய பெரிய துளியாக விழுந்து பச்சைக் கலவையில் குழி பறித்தது. சிமெண்ட் பாலாகக் கரைந்து ஓட, ஜல்லி பல்லைப் போல வெளியே தெரிந்தது. மேஸ்திரி "கீழ எறங்குங்கடா, இடி உழுது" என்றார்.

கீழே வந்தால், சென்ட்ரிங் பலகை இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் ஒழுகிக் கொண்டிருந்தது. அந்த அம்மா காலி அண்டாவை அதன் அடியில் இழுத்து வைத்திருந்தார். எதற்கென்று அவருக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்காரர் ஒரு தூணில் கை வைத்து நின்றார்.

"மழை அரை மணி நேரம் பொறுத்திருந்தா தளம் ஆயிருக்கும்" என்றார். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

மழை விட்டதும் ஆட்கள் கலைந்தார்கள். மேஸ்திரி, காலையில் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தார். தகரக் கொட்டகையைக் காற்று சாய்த்திருந்தது. என் பாயும் மூட்டைகளும் ஒன்றாக ஊறிக் கிடந்தன. பையை மட்டும் எடுத்துக் கொண்டு நடந்தேன்.

கால் எரிச்சல் என்னைப் பூந்தமல்லி வரைக்கும் போக விடவில்லை. எஸ்டேட் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துவிட்டேன்.

காலையில் அங்கே ஒரு முனையில் கூலி ஆட்கள் மண்வெட்டி, உளியோடு நிற்பார்கள். வேலை இருப்பவர்கள் வந்து அழைத்துப் போவார்கள். நானும் போய் நின்றேன். டிவிஎஸ் வண்டியில் அந்த வீட்டுக்காரரே வந்தார். அதே சட்டை. வண்டியில் புது சம்மட்டி ஒன்று கட்டியிருந்தது.

ஒவ்வொருவராகப் பார்த்து வந்தவர் என்னிடம் நின்றார். "நீ நேத்து மேல நின்னவன்தானே?"

"ஆமா சார்."

"இஞ்சினியர் ராத்திரியே வந்து பார்த்தாரு. மத்தியானத்துக்கு மேல போட்ட பாதியையும் எடுத்திரணுமாம். நல்லா இறுகுறதுக்கு முன்னால." கட்டியிருந்த சம்மட்டியை அவிழ்த்தார். "மேஸ்திரி போனை எடுக்க மாட்டேங்கான். நீ உடைக்க வருவியா?"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக் கொண்டார். நான் பின்னால் ஏறி, சம்மட்டியை மடியில் வைத்துக் கொண்டேன்.