விஸ்கி விற்க வந்தவர் பிடித்த கயிறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டன் மனோர் பார்க்கில் ஒரு பப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. கிளாஸ் கழுவுவது, மேசை துடைப்பது, பீப்பாய் நகர்த்துவது என் வேலை. அதை எடுத்துத் தந்தவர் எங்களூர் அண்ணை ஒருவர். நிலவறை அவருடைய பொறுப்பு. பீர் பீப்பாய்கள் அங்கேதான் இருக்கும். வாயு சிலிண்டரின் அழுத்தத்தில் பீர் குழாய் வழியாக மேலே வரும். அண்ணை வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர், ஒரு துளி மது தொடாதவர். "விக்கிறது வேலை, குடிக்கிறது வினை" என்று சிரிப்பார்.

அது மாசி மாதத்து ஒரு காலை. பப் இன்னும் திறக்கவில்லை. ஸ்கொட்லாந்திலிருந்து ஒருவர் விஸ்கிப் போத்தல்களோடு முதலாளியம்மாவைப் பார்க்க வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். கவுண்டரில் போத்தல்களை அடுக்கிவைத்துப் பேசத் தொடங்கினார். நான் கிளாஸ் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மலை உயரத்தில், பனி விழுந்தால் பாதையே மூடிப்போகும் ஓர் இடத்தில், பழைய பண்ணைக் கட்டடம் ஒன்றில் அவரும் நண்பர்களும் சிறிய அளவில் விஸ்கி வடிக்கிறார்கள். எல்லோரும் முன்னாள் இராணுவத்தினர். போரிலிருந்து திரும்பியபின் வேலை கிடைக்காதவர்கள். இலாபத்தில் ஒரு பங்கு, வீடில்லாமல் தெருவில் படுக்கும் பழைய படைவீரர்களுக்குப் போகிறதாம். அந்த மலையின் குளிரில் மரப்பீப்பாய்க்குள் விஸ்கி மெல்லத்தான் பக்குவப்படும், அவசரப்படுத்த முடியாது என்றார்.

நல்ல காரியம்தான். ஆனால் 'ஆமி' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கவுண்டரின் மறுகோடிக்குப் போய்விட்டேன். ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் ஒருவன் என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது எந்த நாட்டு ஆமி, இவர் எந்த நாட்டு ஆமி என்றெல்லாம் உடம்பு யோசிப்பதில்லை.

இதற்கிடையே பீர்க்குழாய் ஒன்று வேலை செய்யவில்லை. சிலிண்டர் மாற்ற வேண்டும் என்று அண்ணை கீழே போனார். நேரமாகியும் வரவில்லை. படிவாசலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால், கடைசிப் படிகளில் தலை சாய்ந்தபடி அண்ணை கிடக்கிறார்.

"அண்ணை!" என்று கத்திக்கொண்டு இறங்கப் பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் கொலரைப் பிடித்து இழுத்தது. அந்த விஸ்கிக்காரர்.

உதறினேன், அடிக்கவும் அடித்தேன். அவர் விடவில்லை.

"இறங்காதே. இறங்கினால் இரண்டு பிணம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கவுண்டரில் கிடந்த பத்திரிகையை முறுக்கி, லைட்டரால் கொளுத்தி, படியின் ஓரமாகக் கீழே போட்டார். பாதி வழியிலேயே நெருப்பு அணைந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிலிண்டர் கசிந்து நிலவறையை வாயு நிரப்பியிருந்தது.

முதலாளியம்மாவை ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொன்னார். நிலவறைக்குள் காற்றுப் போவதற்காக, நடைபாதையில் பீப்பாய் இறக்கும் கதவைத் திறக்க என்னை வெளியே அனுப்பினார். பீர் லொறி வரும் நாள் என்பதால் அண்ணை அதன் தாழ்ப்பாளைக் காலையிலேயே நீக்கியிருந்தார். திறந்துவிட்டு ஓடிவந்தேன்.

"என் காலோடு அவரைத் தூக்க என்னால் முடியாது. நீதான் போகவேண்டும்" என்றார். பீப்பாய் இறக்கும் கயிற்றின் ஒரு முனையை என் நெஞ்சைச் சுற்றிக் கட்டினார். மறுமுனையில் சுருக்குப் போட்டுக் கையில் தந்தார். நடுக்கயிறு அவரிடம். கீழே மூச்சே எடுக்கக்கூடாது, தான் இழுத்தால் மறுபேச்சில்லாமல் மேலே வரவேண்டும் என்றார்.

மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினேன். அண்ணையின் தோளைத் தூக்க முயன்றேன், பாரம் அசையவில்லை. கண் எரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் முடித்துவிடலாம் என்று தோன்றியபோது கயிறு இறுகி என்னை மேலே இழுத்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"விடுங்கோ! அவர் சாகப்போறார்!" என்று தமிழிலேயே கத்தினேன்.

அவர் என் முகத்தைப் பிடித்து, "மூச்சு எடு. இன்னொன்று. இப்போது போ" என்றார்.

இரண்டாம் முறை சுருக்கு அண்ணையின் கக்கத்தைச் சுற்றி விழுந்தது. மேலிருந்து அவரும் முதலாளியம்மாவும் இழுக்க, நான் கீழிருந்து தள்ள, மூன்று பேருமாக அண்ணையை வாசலுக்குக் கொண்டுவந்தோம். முகம் நீலம் பூத்திருந்தது. விஸ்கிக்காரர் அவர் வாயில் வாய் வைத்து ஊதினார். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அண்ணை இருமினார். அந்த இருமல் சத்தம் போல் ஒரு சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

தலை தரையில் படாமல் படியில் சற்று உயர்ந்து கிடந்ததால்தான் உயிர் தங்கியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் போனபின் விஸ்கிக்காரரோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது, வாயு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். விஸ்கிக்கு வாற்கோதுமைச் சாறு மரத்தொட்டியில் புளிக்கும்போது இதே வாயுதான் வருமாம். மணம் இல்லை, காற்றைவிடப் பாரம், தண்ணீர் போலப் பள்ளத்தில் தேங்கும். மலையில் அவருடைய நண்பர் ஒருவர் தொட்டியைக் கழுவ இறங்கி விழுந்திருக்கிறார். இவர் யோசிக்காமல் பின்னாலேயே குதித்திருக்கிறார். இவரை மட்டும்தான் உயிரோடு எடுக்க முடிந்ததாம்.

"போரில் தப்பி வந்தவன்" என்று அந்த நண்பரைப் பற்றிச் சொன்னார். பிறகு என் கழுத்தில் கொலர் உராய்ந்த சிவப்பைப் பார்த்து, "நோகிறதா?" என்றார்.

இல்லை என்றேன். ஏன் அப்படி உதறினேன் என்பதை என்னோடேயே வைத்துக்கொண்டு கொலரைச் சரிசெய்தேன். அவர் போத்தல்களை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க நொண்டி நடந்து போனார்.

அண்ணை தேறி வந்ததும் முதலாளியம்மா மூலம் அந்த விஸ்கியில் ஒரு போத்தல் வரவழைத்தார். மனைவி திட்டத் திட்ட அதைத் திறக்காமல் வரவேற்பறையில் வைத்தார். "குடிக்கவோ வைச்சிருக்கிறன்? இருக்கட்டும்" என்பார்.

சீருடையைக் கண்டால் இன்றும் என் உடம்பு ஒரு கணம் ஒதுங்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த கணமே அந்தக் கயிறு நெஞ்சில் இறுகியது நினைவுக்கு வருகிறது, எதிரே நிற்கும் ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறேன்.